நமக்கென்று ஒரு துண்டுக் காணி: கைநீட்ட முன் கடதாசியைப் பார்ப்போம்



கொழுந்து நிறுவை முடிந்து மலையிலிருந்து இறங்கும்போது அம்மாமார் பேசிக்கொள்ளும் பேச்சில் ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது. "பெரியவன் கொழும்புக்குப் போயிட்டான். சின்னவனும் போறேங்கிறான். இங்க இருந்து என்னத்தம்மா செய்யன்னு கேக்குறான்." பிள்ளை கேட்பதில் நியாயம் உண்டு.

நம் பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். லயத்துக்குப் பின்னால் கையகல இடம் கிடைத்தாலும் போஞ்சி, கோவா, கரட் என்று போட்டுவிடுகிறார்கள். வெலிமடை, போரலந்தைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. தொழில் கையில் இருக்கிறது. காணிதான் இல்லை. அதனால்தான் அடுத்த தலைமுறை பஸ் ஏறுகிறது.

நமக்குக் காணி ஏன் இல்லாமல் போனது, இன்று என்ன வழி இருக்கிறது, அந்த வழியில் போகுமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காணி ஏன் இல்லாமல் போனது?

1840ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என்று அது சொன்னது. அப்படி எடுத்த மலைகள்தான் கோப்பித் தோட்டங்களாகவும் பிறகு தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. ஊவாவின் கிராமத்து மக்கள் அதில் காணி இழந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் அந்த மலையில் வேலை செய்தார்கள்; லயமும் தோட்டத்துக்கே சொந்தம். ஆக, காணி இழந்தவர் கிராமத்தில், காணியே பெறாதவர் லயத்தில். இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காணியில்லாத குடிமக்களுக்கு அரச காணி கொடுக்க வழி செய்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவருக்குக் காணி எப்படிக் கிடைக்கும்?

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றது. நெற்காணி என்றால் 25 ஏக்கர். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. சில தோட்டக் காணிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது அங்கே வேலை செய்த நம் குடும்பங்கள் வெறுங்கையோடு வெளியேற வேண்டி வந்தது. 1977ஆம் ஆண்டு மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணி 7000 ஏக்கரைப் பிரிப்பதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

பிறகு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் குடியுரிமைப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. ஆகவே இன்று "நீ பிரஜை இல்லை" என்று சொல்லி எந்தக் கந்தோரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது. பழைய பயத்தை முதலில் விட வேண்டும்.

இன்று இந்த மலை யாருடையது?

"கம்பனிக் காணி" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசாங்கத்துடையது. 1992இல் உருவான பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள் அதை 53 வருடக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது.

இந்த வருடத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குத்தகைக்கு எடுத்தவர் தன் காலத்தைத் தாண்டி இன்னொருவருக்கு உரிமை கொடுக்க முடியாது. தோட்ட நிருவாகம் உங்களுக்கு ஒரு துண்டு கொடுத்தால், அந்தச் சொல்லுக்கும் அதுவே எல்லை. இன்று 20 வயதுள்ள பிள்ளைக்கு அப்போது ஏறத்தாழ 40 வயதுதான் இருக்கும். பாடுபடும் வயசு. அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வியை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

இருக்கும் வழிகள் நான்கு

1. வீட்டுக் காணி. 2015 முதல் தனி வீட்டுக்கு 7 பேர்ச் என்ற முறை வந்தது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மலையக மக்களின் காணி உரிமைக்கென 400 கோடி ரூபா ஒதுக்கி, 10 பேர்ச் பற்றிப் பேசப்பட்டது. ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். ஆகவே 10 பேர்ச் என்றால் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு. வீடும் முற்றமும் போக, கறிக்கு நாலு பாத்தி போடலாம். அதை வைத்து விவசாயம் செய்து பிழைக்க முடியாது. வீட்டுக் காணி வேறு, விவசாயக் காணி வேறு. ஒன்று கிடைத்ததும் மற்றதைக் கேட்பதை விட்டுவிடக் கூடாது.

2. மரக்கறித் துண்டு. லயத்துக்குப் பின்னாலும் கான் ஓரத்திலும் பலர் செய்கிறோம். பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். "தொரை பார்த்துக்கிட்டுச் சும்மாதான் இருக்காரு" என்பது உரிமை அல்ல. தொரை மாறினால் பேச்சும் மாறும். ஒரு பக்கக் கடிதமாவது வாங்கி வையுங்கள்.

3. தேயிலைத் துண்டு. அண்மை வருடங்களில் சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் முறையைக் கொண்டுவந்துள்ளன. அவுட்குரோவர் முறை என்பது இதுதான். நேரம் நம் கையில். பராமரிப்பும் நம் கையில். காணி மட்டும் நம் கையில் இல்லை.

4. தோட்டத்துக்கு வெளியே அரச காணி. காணியில்லாதவருக்கு அரச காணி கொடுக்கும்போது பிரதேச செயலகம் அறிவித்தல் போட்டு, காணிக் கச்சேரி வைத்து ஆள் தெரிவு செய்யும். முதலில் அனுமதிப் பத்திரம், பிறகு அளிப்புப் பத்திரம். அறிவித்தல் பலகை நம் பிரட்டுக் களத்தில் இல்லை. அதனால் செய்தி நமக்குப் பிந்தித்தான் வருகிறது. வயசுப் பிள்ளைகள் கிராம உத்தியோகத்தரிடமும் காணி உத்தியோகத்தரிடமும் அடிக்கடி விசாரித்து வர வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் ஏழு கேள்வி

தேயிலைத் துண்டு தருகிறோம் என்றால் சந்தோஷம்தான். ஆனால் கீழே உள்ளவற்றைக் கேட்டு, பதிலைத் தமிழில் எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று, எத்தனை வருடம்? இடையில் எடுப்பதானால் எத்தனை மாதம் முன்னறிவித்தல்?

இரண்டு, என் பெயர் செக்ரோலில் இருக்குமா? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருபவர் கட்டும் 12 சதவீதம் தொடருமா? இல்லையென்றால் இதுவரை செய்த சேவைக்குரிய பணிக்கொடை என்ன ஆகும்? பிரசவச் சகாயம் என்ன ஆகும்?

மூன்று, கொழுந்து விலை எப்படிக் கணக்கிடப்படும்? பதிவு பெற்ற சிறு பற்று நிலத்தவருக்கு ஒரு முறை இருக்கிறது. தூள் விற்ற தேறிய சராசரி விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். கணக்குக்காகச் சொன்னால், தூள் 1000 ரூபா என்றால் 680 ரூபா கொழுந்துக்கு. அப்படியானால் கொழுந்து கிலோவுக்கு ஏறத்தாழ 150 ரூபா. உங்கள் ஒப்பந்தம் இந்தக் கணக்கா, வேறு கணக்கா என்று கேளுங்கள்.

நான்கு, உரமும் மருந்தும் யார் செலவு? கடனாகத் தந்தால் எப்படிக் கழிப்பார்கள்?

ஐந்து, கவ்வாத்து வெட்டினால் சில மாதம் கொழுந்து இல்லை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று, கொழுந்து குறையும். அந்த மாதங்களில் அடுப்பு எரிய என்ன வழி?

ஆறு, செத்த செடிக்குப் பதில் நான் கன்று நட்டு வளர்த்தால், காணியைத் திருப்பி எடுக்கும்போது அந்த உழைப்புக்கு நட்டஈடு உண்டா?

ஏழு, எனக்குப் பிறகு என் பிள்ளைக்கு வருமா?

"இதெல்லாம் கேட்டா தர மாட்டாங்க அண்ணே" என்று சில தம்பிமார் சொல்கிறார்கள். கேட்பவரைக் கண்டு கொடுப்பவர் கோபப்படத் தேவையில்லை. தெளிவான ஒப்பந்தம் இருந்தால் உழைப்பவன் செடியைத் தன் செடியாகப் பார்ப்பான். தொழிற்சாலைக்கும் நல்ல கொழுந்து வரும்.

சின்னக் காணியில் தேயிலை நடக்குமா?

நடக்கும். நம் நாட்டுத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிறு பற்று நிலங்களிலிருந்துதான் வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் அவர்கள் அதிகம். அவர்களுக்கென்று 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேயிலைச் சிறு பற்று நில அபிவிருத்தி அதிகார சபையே இருக்கிறது. ஆலோசனையும் மானியமும் அதன் வழியாகக் கிடைக்கின்றன. கென்யாவில் 1964 முதல் சிறு விவசாயிகளை ஒன்றுசேர்த்து, இன்று தொழிற்சாலைகளிலேயே அவர்கள் பங்காளிகளாக இருக்கிறார்கள். தேயிலையை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர்களிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் காணிக் கடதாசிதான். கடதாசி இல்லாமல் வங்கியில் கடன் கேட்பது கஷ்டம். கமநல சேவை நிலையத்தில் பதியப் போனாலும் எந்தக் காணி, யார் காணி என்பதுதான் முதல் கேள்வி.

பெண் பிள்ளைகளின் பெயர்

மலையில் கொழுந்து எடுப்பவர் அம்மாவும் அக்காவும். கடதாசியில் மட்டும் ஆம்பிளை பெயர் இருந்தால் அது நியாயமா? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்தால், முன்பு மகனுக்கே முதலிடம். 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. ஆகவே வீட்டில் பேசி, புருஷன் மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள்.

மண்ணையும் பாருங்கள்

காணி கிடைக்கிறதென்று எந்தச் சரிவையும் வாங்கிவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவால் பெரும் சேதம் கண்டது. வீட்டுக் காணி என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். மரக்கறி போட்டால் சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டி, கான் வெட்டுங்கள். மேல் மண் ஆற்றோடு போனால் கடதாசி இருந்தும் பயனில்லை.

இந்த மாதம் செய்யக்கூடியது

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரு உறையில் போட்டு வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். காணிக் கச்சேரி வந்த பிறகு ஓடினால் நேரம் பத்தாது. விவசாயம் செய்ய விருப்பமுள்ள வயசுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு டிவிசனிலும் எழுதுங்கள். காடாகிப் போன மலை எது, எத்தனை ஏக்கர் என்றும் குறியுங்கள். அந்தப் பட்டியலோடு தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையும் சங்கத் தலைவர்மாரையும் சேர்த்துக்கொண்டு நிருவாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் பேசுங்கள். தனியாகப் போய் வாயால் கேட்பதைவிடப் பத்துப் பேர் எழுத்தில் கேட்பதற்குப் பதில் வரும்.

"இங்க இருந்து என்னத்த செய்ய" என்று கேட்கும் பிள்ளைக்கு "பொறுமையாயிரு" என்பது மட்டும் பதிலாகாது. அவன் கையில் ஒரு துண்டுக் காணியும் அதற்கு ஒரு கடதாசியும் இருந்தால், பஸ் ஏறுவதா இல்லையா என்பதை அவனே தீர்மானிப்பான்.