நுழைபவர் யார், எந்தக் கணக்கில்?

வலையமைப்பு வழியாக ஒரு சர்வருக்குள் வருபவர் யார் என்று நிரூபிப்பதோடு வேலை முடிவதில்லை. அந்தச் சர்வரில் அவருக்கு எந்தக் கணக்கைத் தருவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். முதல் வேலையைச் செய்வது கெர்பரோஸ். 1983இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கிய அத்தீனா திட்டத்தில் பிறந்த நெறிமுறை இது. விண்டோஸ் 2000 முதல் ஆக்டிவ் டைரக்டரியும் இதைத்தான் பயன்படுத்துகிறது. கடவுச்சொல்லை ஒவ்வொரு சர்வருக்கும் அனுப்பாமல், மைய சர்வர் கொடுத்த டிக்கெட்டைக் காட்டினால் போதும். டிக்கெட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இரண்டாம் வேலையில் கவனம் பிசகினால் அத்தனையும் வீண்.

கெர்பரோஸ் பெயர் 'முரளி@கல்லூரி' என்ற வடிவில் இருக்கும். @ குறிக்குப் பின்னால் வருவது ரெல்ம், அதாவது அந்தப் பெயரை வழங்கிய நிர்வாகத்தின் எல்லை. லினக்ஸ் கணினிக்கோ 'முரளி' என்ற கணக்குப் பெயரும் அதற்குரிய எண்ணும்தான் தெரியும். கெர்பரோஸின் அமைப்புக் கோப்பில் தனி விதி ஏதும் எழுதாதவரை, அது சொந்த ரெல்மைச் சேர்ந்த, ஒரே பகுதியாலான பெயரிலிருந்து மட்டும் ரெல்மை நீக்கிக் கணக்குப் பெயராக ஏற்கும். மற்ற பெயர்களுக்குக் கணக்கே கிடைக்காது. இந்தக் கறார்தான் அதன் பலம். இரண்டு நிறுவனங்கள் இணைந்து, ஒன்றின் ரெல்மை மற்றொன்று நம்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது. எந்த ரெல்மாக இருந்தாலும் @ முதல் கடைசி வரை வெட்டிவிடு என்று அவசரத்தில் ஒரு விதி எழுதிவிட்டால், அந்தப் பக்கத்தில் 'ரூட்' என்று பெயர் உருவாக்க முடிந்தவர் இந்தப் பக்கத்திலும் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிடலாம். டிக்கெட் அசலானது, மறையாக்கத்தில் குறையில்லை. ஆனாலும் கணினி பறிபோய்விடும்.

எல்லா இடத்திலும் ஒரே பெயரை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லையே என்று கேட்கலாம். ஒரே ரெல்மில், மனிதர்களுக்கு மட்டும் என்றால் அது சரிதான். பல கணினிகளைச் சேர்த்து இயக்கும் ஹடூப் போன்ற அமைப்பில் ஒவ்வொரு கணினியிலும் ஓடும் சேவைக்கும் அந்தக் கணினியின் பெயர் சேர்ந்த தனி அடையாளம் உண்டு. ஒரு சேவையின் அடையாளங்கள் அவ்வளவும் ஒரே கணக்கில் போய்ச் சேர வேண்டும். அங்கே பெரும்பாலும் விதி எழுத வேண்டிவரும். மைய சர்வரே கணக்கையும் சொல்லிவிடட்டும் என்பது இன்னொரு வாதம். ஆனால் காப்புப்பிரதி எடுக்கும் ஊழியருக்கு ஒரு சர்வரில் ரூட் அதிகாரம் தேவை, பக்கத்துச் சர்வரில் தேவையே இல்லை. அந்த வேறுபாட்டை அறிந்தவர் அந்தந்தக் கணினியின் பொறுப்பாளர். எம்ஐடி கெர்பரோஸ் இதை மதிக்கிறது: கணக்கின் வீட்டு அடைவில் '.கே5லாகின்' என்ற கோப்பு இருந்தால், அதில் எழுதியுள்ள அடையாளங்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கில் அனுமதி. கணக்குக்காரர் தம் பெயரை அதில் சேர்க்க மறந்தால் அவருக்கே கதவு திறக்காது. கோப்பு அவருக்கோ ரூட்டுக்கோ சொந்தமாக இல்லாவிட்டால், அதில் எந்தப் பெயர் இருந்தும் பயனில்லை.