ஐசியுவுக்கு முந்தைய ஒரு மணி நேரம்

போடிநாயக்கனூரில் விடியலில் ஜீப் ஏறும் கூலியாட்கள் போடிமெட்டைக் கடந்து கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். ஏலச்செடிக்கு இலைப்பேனும் காய்துளைப்பானும் தீராத தொல்லை என்பதால் ஆண்டுக்குப் பலமுறை மருந்தடிக்கிறார்கள். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகைகளும் அதில் உண்டு. வேலையின்போது தோல் வழியே ஏறினாலும், மனமுடைந்த ஒருவர் குடித்துவிட்டாலும், அளவுதான் வேறு. உடம்பில் நடப்பது ஒன்றே. நரம்பின் ஆணையைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை உடைத்து அகற்றும் நொதி முடங்கிவிடுகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் கொட்டும், தசைகள் துடிக்கும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு திணறும். இவர்களைப் பிழைக்கவைப்பது ஐசியுதான் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. ஐசியு யாரைக் காப்பாற்ற முடியும் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அந்த நேரத்துக்கான மருந்து அட்ரோபின். பழையது, விலை மலிவு. நெஞ்சில் கரகரப்பு அடங்கி, அக்குள் காய்ந்து, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். வங்கதேசத்தில் 156 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. பழைய முறையில் விட்டுவிட்டு ஊசி போட்டவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். வேகமாக ஏற்றியவர்களில் 8 சதவீதம். மருந்து ஒன்றுதான், கொடுத்த வேகம்தான் வேறு. அளவு மிஞ்சினால் காய்ச்சலும் பிதற்றலும் வரும் என்று தயங்குபவர்கள் உண்டு. நியாயமான பயம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம்; பக்கத்திலேயே நிற்கும் ஒரு செவிலியரும் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் போதும்.

உண்மையான முறிமருந்து பிராலிடாக்சிம் அல்லவா என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் அதிக அளவு பெற்றவர்களில் 1 சதவீதம், குறைவாகப் பெற்றவர்களில் 8 சதவீதம் இறந்தார்கள். இலங்கையில் 235 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வோ அதில் பலனே காணவில்லை. வேலூர் சிஎம்சி ஆய்வுகளும் சாதகமாக இல்லை. இந்த முரணுக்குக் காலமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாராமதி நோயாளிகள் சீக்கிரம் வந்து சேர்ந்தவர்கள். நொதியோடு விஷம் இறுகிவிட்ட பிறகு பிராலிடாக்சிமால் அதைப் பிரிக்க முடியாது.

அப்படியானால் நேராகத் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோய்விடலாமே? அது தேனிக்கும் அப்பால், கானாவிலக்கில் இருக்கிறது. மலையிறங்கி, போடியையும் தாண்டி அங்கே சேரும்வரை மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துகொண்டே இருந்தால், அதன்பின் எந்த வென்டிலேட்டராலும் அந்த இழப்பைச் சரிசெய்ய முடியாது. முதல் அட்ரோபினும், தேவையானால் மூச்சுக்குழாயும் போடியிலேயே நடந்த பிறகுதான் 108 கிளம்ப வேண்டும். அதற்கும் முன்னால், மேலே தோட்டத்தில், நனைந்த துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி இடப்பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, வாந்தியை நுரையீரலுக்குள் அனுப்பும் வழி. ஐசியு இன்றியமையாதது இன்னொரு காரணத்துக்காக. தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளிக்கு ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போய் மூச்சுத் தசைகளும் தளரலாம். இந்த இடைக்கட்டத்தை 1987இல் விவரித்தவர்கள் சேனநாயக்க, கரல்லியத்த என்ற இலங்கை மருத்துவர்கள்.

பூச்சிமருந்தையே தடை செய்தால் இத்தனை பாடு எதற்கு என்பது வலுவான வாதம். கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாக விலக்கிய இலங்கையில் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. ஆனால் இங்கே மலையின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. கேரளம் 2011இல் தடை செய்த மோனோகுரோட்டோபாஸ் அதன்பின்னும் தமிழ்நாட்டில் சட்டப்படி விற்றது. தமிழக அரசு 2023இல் அதையும் சேர்த்து ஆறு மருந்துகளுக்கு விதித்த தடை அறுபது நாள்தான். ஏலத்தோட்டத்துக்குப் பழக்கமான குயினால்பாஸ் அந்த இரண்டு பட்டியலிலும் இல்லை.