பூங்கா சுற்றுலா: சாப்பாட்டுக் கணக்கை முதலில் போடுவோம்



முழுப்பரீட்சை முடிந்ததும் நம் குழுக்களில் சுற்றுலாப் பேச்சு ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் பழனி, திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்று போய் வந்தோம். இப்போது பிள்ளைகள் விடுவதாக இல்லை. தண்ணீர்ச் சறுக்கும் ராட்டினமும் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குத்தான் போகணும் என்கிறார்கள். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பூங்காக்கள், கொச்சி, பெங்களூர் வொண்டர்லா என்று பெயர்களும் அவர்களுக்கு அத்துப்படி.

வேன் வாடகைக்கு நாலு இடத்தில் விசாரிக்கிறோம். நுழைவுச் சீட்டில் கூட்டமாகப் போனால் எவ்வளவு குறைப்பார்கள் என்று போன் போட்டுக் கேட்கிறோம். சாப்பாடு என்று வந்தால் மட்டும் “அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். கையைக் கடிப்பது அந்த இடம்தான்.

உள்ளே ஏன் இவ்வளவு விலை?

பெரும்பாலான பூங்காக்களில் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே போகாது. கைக்குழந்தைக்கான உணவு, மருந்து மாத்திரை இவற்றுக்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. ஒருமுறை உள்ளே போய்விட்டால் வெளியே வந்து மறுபடியும் போக முடியாது. காலை பத்தரை மணிக்குப் போனவர்கள் சாயங்காலம் வரை அங்கேதான். பசி எடுத்தால் அவர்கள் கடை, அவர்கள் விலை. நம்ம ஊர்த் திருவிழாவில் ஒரே ஒரு கடை மட்டும் இருந்தால் என்ன விலை சொல்வார்கள், யோசித்துப் பாருங்கள்.

பூங்கா நடத்துவோருக்கு நுழைவுச் சீட்டு ஒரு வருமானம். உள்ளே விற்கும் சாப்பாடும் ஐஸ்கிரீமும் பொம்மையும் இன்னொரு வருமானம். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது, உலகம் முழுக்க இந்தத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. இந்த இரண்டாவது வருமானத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ‘சாப்பாட்டுத் திட்டம்’. நுழைவுச் சீட்டோடு மதியச் சாப்பாட்டுக் கூப்பன் சேர்த்துத் தருவது ஒரு வகை. பஃபே, அதாவது எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடுவது, இன்னொரு வகை. கார்டில் அல்லது கையில் கட்டும் பட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு கடைக்குக் கடை கழிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் மீதிப் பணத்தைத் திருப்பித் தருவார்களா, எத்தனை மணிக்குள் கேட்கணும் என்பதை ஏற்றும்போதே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் எப்படி?

இந்தத் திட்டத்தைப் பெரிய அளவில் நடத்துபவர்கள் அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு. அங்கே போகிறவர்கள் நாலைந்து நாள் தங்குவார்கள். டிஸ்னியின் ஓட்டலில் தங்குகிறவர்களுக்காக 2005-ல் இந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். கொரோனா வந்தபோது 2020-ல் நிறுத்தி, 2024 ஜனவரியில் மறுபடியும் ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக் கணக்குக்கு 57 டாலர். கவுன்டரில் வாங்கும் சாப்பாடு இரண்டு, நொறுக்குத் தீனி ஒன்று கிடைக்கும். கவுன்டர் சாப்பாடு ஒன்றுக்குப் பதிலாக உட்கார்ந்து பரிமாறும் சாப்பாடு வேண்டும் என்றால் 94 டாலர். பத்து வயது நிறைந்த பிள்ளை அங்கே பெரியவர் கணக்கில் வந்துவிடும். பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடினாலும் பெரியவர் காசுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு கூப்பனுக்கு விலை குறைந்த பண்டம் வாங்கினாலும் ஒரு கூப்பன்தான், விலை கூடியது வாங்கினாலும் ஒரு கூப்பன்தான். உசத்தியான பண்டத்தையே தேடி வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு லாபம். பழரசமும் ரொட்டியும் போதும் என்கிறவருக்கு நஷ்டம். ஊருக்குக் கிளம்பும் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் பயன்படுத்தாத கூப்பன் காலாவதி. ஆரம்பத்தில் பரிமாறுபவருக்கான டிப்சும் திட்டத்திலேயே அடங்கி இருந்தது. 2008-ல் அதை எடுத்துவிட்டார்கள். திட்டத்தின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷம் போய் வந்த பக்கத்து ஊர்க் குழு சொன்னதை அப்படியே நம்பாமல் இந்த வருஷம் என்ன என்று கேட்கணும் என்பது அதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு பெரிய டிஸ்னி வேர்ல்டில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போகலாம்! கண்ணாடிப் பாட்டிலும் மதுவும்தான் கூடாது. நம்ம பக்கம்தான் புளிசாதப் பொட்டலத்துக்கு இத்தனை காவல்.

திட்டத்தை வைத்துப் பூங்காவையே ஜெயித்தவரும் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு பூங்காவுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்த இளைஞர் ஒருவர், வருஷத்துக்கு 150 டாலர் கட்டி, தினம் இரண்டு வேளைச் சாப்பாடு உள்ள பாஸ் வாங்கிக்கொண்டார். ஏழு வருஷம் பகலும் மாலையும் அங்கேதான் சாப்பாடு. மிச்சமான பணத்தில் படிப்புக் கடனை அடைத்து, கல்யாணம் செய்து, வீடும் வாங்கியதாக 2021-ல் பத்திரிகைகளில் வந்தது. அவருக்குக் கட்டுபடியானது, ஏனென்றால் பூங்கா அவருக்குப் பக்கத்து மெஸ் மாதிரி. வருஷத்தில் ஒரே ஒரு நாள் போகிற நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நம்ம கணக்கு

இப்போது நோட்டை எடுங்கள். 40 பேர் போகிறோம், பெரியவர்கள் 28, பிள்ளைகள் 12 என்று வைத்துக்கொள்வோம். விலைகளும் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவைதான். நீங்கள் போகும் பூங்காவின் விலையைக் கேட்டு அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பஃபே பெரியவருக்கு 350, பிள்ளைக்கு 250 என்றால் 9,800-ம் 3,000-ம் சேர்த்து 12,800 ரூபாய். அதே பூங்காவில் கவுன்டரில் சாப்பாடு ஒரு தட்டு 180 என்றால் பெரியவர்களுக்கு 5,040. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும், ஆறு தட்டுக்கு 1,080. ஆக 6,120. பாதிக்கும் குறைவு. மிச்சமாகும் 6,680 ரூபாயில் வேனுக்கு டீசல் போட்டுவிடலாம்.

“பஃபேயில் வயிறு நிறையச் சாப்பிடலாமே” என்று ஒரு அக்கா கேட்பார். சாப்பிடலாம். சாப்பிட்டுவிட்டு ராட்டினத்தில் ஏற முடியுமா? தண்ணீரில் ஆடிக்கொண்டு, தலைசுற்றும் விளையாட்டுகளில் ஏறி இறங்கும் நாளில் யாரும் கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. பஃபே விலை வைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சைவம் சாப்பிடுகிறவர், அன்று விரதம் இருப்பவர், சர்க்கரைக்காக அளவாகச் சாப்பிடுகிறவர் எல்லோரும் பிரியாணிக்காரர் கொடுக்கும் அதே காசைத்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் வேறு மாதிரியும் வரலாம். நுழைவுச் சீட்டோடு கூட 150 ரூபாய் கொடுத்தால் மதியச் சாப்பாடு என்று சில பூங்காக்கள் குழுக்களுக்குச் சலுகை தருவதுண்டு. 40 பேருக்கு 6,000. கவுன்டரில் வாங்கினால் 6,120. வித்தியாசம் 120 ரூபாய்தான் என்றாலும் வாங்கிவிடலாம். ஒரு மணிக்கு நாற்பது பேரும் பசியோடு வரிசையில் நின்று, ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி, பில் போட்டு முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய ஒரு நாளில் முக்கால் மணி நேரத்துக்கும் விலை உண்டு அல்லவா?

எங்களைக் கேட்டால் இதையெல்லாம் விடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சாப்பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கையில் காசில்லாத உறுப்பினர் “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் பிள்ளை மற்ற பிள்ளைகளின் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கூட்டமாகப் போய் வந்த பல குழுக்களில் இதைப் பார்க்கலாம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே சுற்றுலாச் சந்தாவோடு வாரா வாரம் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தட்டு. இதற்காக ஆளுக்குப் பத்து இருபது கூடினாலும் பரவாயில்லை என்பதுதான் எங்கள் கருத்து. சேமிப்புப் பணத்திலோ சுழல்நிதியிலோ மட்டும் கை வைக்க வேண்டாம். தனியாகச் சீட்டு மாதிரி சேர்த்து, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேனில் வரும் சாப்பாடு

காலையும் ராத்திரியும் நம்ம கையில்தான் இருக்கிறது. பொடி தடவிய இட்லி, புளிசாதம், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய், பூங்கா வாசலில் வண்டி நிறுத்தும் இடத்திலேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உள்ளே போகணும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும். பத்து மணிக்கு நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு மதியம் ஒரு தட்டு தயிர்சாதம் போதும். அதையும் பன்னிரண்டுக்கு முன்போ இரண்டரைக்குப் பிறகோ வைத்துக்கொண்டால் சாப்பாட்டு வரிசையும் சின்னது, எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ராட்டின வரிசையும் சின்னது. சர்க்கரை உள்ள உறுப்பினர்கள் மட்டும் நேரம் தவறக்கூடாது, அவர்களுக்காகத் தனியே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேனில் அவித்த கடலையும் முறுக்கும் இருந்தால் சாயங்காலம் வெளியே வந்ததும் பிள்ளைகள் அதில்தான் பாய்வார்கள்.

தண்ணீருக்குக் காலிப் பாட்டில் எடுத்துப் போங்கள். பல பூங்காக்களில் குடிநீர்க் குழாய் உண்டு. கடையில் பாட்டில் வாங்கினால் மேலே அச்சடித்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு விலை அச்சடிக்கக் கூடாது என்று 2018 ஜனவரி முதல் விதி இருக்கிறது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலில் மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது.

பில்லைப் படியுங்கள்

விலை கேட்கும்போது “வரி சேர்த்தா, வரி இல்லாமலா?” என்று கேட்க மறக்காதீர்கள். பொழுதுபோக்குப் பூங்கா நுழைவுக்கு ஜி.எஸ்.டி. முதலில் 28 சதவீதம் இருந்தது, 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். சொன்ன விலை 1,000 என்றால் வரியோடு 1,180 ஆகிவிடும். 40 பேருக்கு 7,200 ரூபாய் துண்டு விழும். சாப்பாட்டு பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக இருந்தால் அது வரி கிடையாது. அதைத் தானாகச் சேர்த்துக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது, டில்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் அதை ஏற்றுக்கொண்டது. மரியாதையாக “எடுத்துடுங்க” என்று சொல்லுங்கள். எடுக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

சமையல்காரி கட்டிய பூங்கா

கேட்டரிங், உணவகம் நடத்தும் நம் உறுப்பினர்களுக்காக ஒரு கதை, நிஜக்கதை. கலிபோர்னியாவில் கார்டீலியா நாட் என்ற பெண்மணியும் அவர் கணவர் வால்டரும் பெர்ரிப் பழத் தோட்டம் வைத்திருந்தார்கள். நாடெங்கும் வேலையும் காசும் இல்லாத காலம். 1934-ல் ஒருநாள் கார்டீலியா தன் கல்யாணச் சீர் பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டுப் பேருக்குக் கோழி வறுவல் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 சென்ட். ருசி ஊரெங்கும் பரவியது. மணிக்கணக்கில் ஆட்கள் காத்து நிற்க ஆரம்பித்தார்கள். காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940-ல் வால்டர் பக்கத்தில் பழைய காலத்து ஊர் ஒன்றைப் போல் கட்டினார். அதுதான் வளர்ந்து ‘நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்’ என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஆனது. 1968 வரை உள்ளே போக நுழைவுச் சீட்டே கிடையாது. சாப்பாட்டுக்கு வந்த கூட்டத்துக்காகத்தான் பூங்காவே வந்தது. கார்டீலியாவின் கோழிச் சாப்பாட்டுக் கடை இன்றைக்கும் அங்கே நடக்கிறது.

நம்ம பெண்களும் 2013 முதல் அம்மா உணவகங்களில் சமைத்துப் பரிமாறிக் காட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் தனி உணவகங்களே நடத்துகிறார்கள். சுற்றுலா போகும்போது பூங்காவின் சாப்பாட்டுக் கூடத்தைச் சமையல்காரி கண்ணோடும் ஒருமுறை பாருங்கள். எந்தப் பண்டம் சீக்கிரம் தீர்கிறது, எது மிஞ்சுகிறது, தட்டுக்கு எவ்வளவு சாதம் வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தால் நம் கேட்டரிங் குழுவுக்கு உதவும்.

கடைசியாகக் கூப்பன். நாற்பதையும் ஒரே ஆள் பையில் வைத்தால், அந்த அக்கா ராட்டினத்தில் இருக்கும்போது மற்றவர்கள் அவரைத் தேடி அலைவார்கள். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துக் கொடுங்கள். தண்ணீரில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு லாக்கரில் வையுங்கள். வராமல் போனவர்களின் கூப்பன் மிஞ்சினால், கவுன்டர் மூடுவதற்குள் போய்ப் பணமாகத் தருவீர்களா என்று கேளுங்கள். தரமாட்டோம் என்றால் டிரைவர் அண்ணனுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்துவிடுங்கள், அவரும் காலையிலிருந்து வெயிலில்தான் இருக்கிறார்.