வைல்ட் 2: பனிக்கட்டிக்குள் நெருப்பின் தூசு

வால்நட்சத்திரங்கள் சூரியனுக்கு வெகு தொலைவில், கடுங்குளிரில் உருவானவை. ஆகவே அவற்றின் தூசு பெரும்பாலும் சூரியனுக்கு முந்தைய விண்மீன்களின் மிச்சமாகத்தான் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

2004 ஜனவரி 2 அன்று நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்நட்சத்திரத்தைக் கடந்தது. வினாடிக்கு 6.1 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய துகள்களை ஏரோஜெல் பிடித்துக்கொண்டது. சிலிக்காவால் ஆன இப்பொருள் ஏறக்குறைய முழுக்கக் காற்றுதான். துகள் புகுந்த தடம் அதில் கேரட் வடிவில் பதிந்துவிடும். 2006 ஜனவரி 15 அன்று மாதிரிகள் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கின.

பழைய விண்மீன்களின் துகள்கள் மிகச் சொற்பமாகவே கிடைத்தன. அதைவிட வியப்பு, ஒலிவீன் என்ற கனிமமும், கால்சியமும் அலுமினியமும் செறிந்த கனிமத் துணுக்குகளும் மாதிரிகளில் இருந்ததுதான். இத்துணுக்குகள் உருவாக 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அவற்றுள் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் இன்கா மக்களின் சூரியக் கடவுளான ‘இன்டி’யின் பெயரையே சூட்டினார்கள், பொருத்தமான பெயர். இளஞ்சூரியனின் அருகே உருவான தூசு, நெப்டியூனுக்கு அப்பால் வரை சென்று பனியோடு கலந்திருக்கிறது. அதாவது, சூரியக் குடும்பம் உருவான வாயு-தூசு வட்டு நன்றாகவே கலக்கப்பட்டிருக்கிறது.

மாதிரிகளில் கிளைசின் என்ற அமினோ அமிலமும் இருந்தது. ஆய்வகத்தில் ஒட்டிய மாசோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் அந்தக் கிளைசினிலிருந்த கார்பன்-13 அளவு பூமியின் கிளைசினோடு ஒத்துப்போகவில்லை. அது விண்வெளியில் உருவானதே என்று 2009இல் அறிவித்தார்கள்.