ஒரு வகுத்தல் கணக்கு காத்த விளையாட்டு

“வகுத்தல் கணக்கைக் கற்று என்ன பயன்?” என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. பெற்றோருள்ளும் சிலர், சம்பளச் சீட்டைச் சரிபார்க்கும் அளவிற்குக் கணக்குத் தெரிந்தால் போதும் என்று கருதுவர். ஆண்டுதோறும் நாம் கேட்கும் இக்கேள்விக்கு இம்மலரின் வழியாக விடை கூற விழைகின்றோம். நான்காம் ஆண்டு மாணவன் செய்யக்கூடிய ஒரு வகுத்தல் கணக்கு, நலிந்து கிடந்த ஒரு பெரிய விளையாட்டைத் தூக்கி நிறுத்திய வரலாறு இது. அவ்விளையாட்டு கூடைப்பந்து. நடந்த இடம் அமெரிக்கா. காலம் 1954-55ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம்.

கூடைப்பந்தைத் தோற்றுவித்தவரும் ஓர் ஆசிரியரே. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் அவர், 1891ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூடத்திற்குள்ளேயே ஆடுவதற்காக இவ்விளையாட்டை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். ஓர் அணி பந்தைத் தன்னிடம் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு அவர் வரம்பு கூறவில்லை. விளையாட வந்தவர்கள் கூடையை நோக்கிப் பந்தை எறியாமல் இருப்பார்கள் என்று அவர் எங்ஙனம் எண்ணியிருக்க முடியும்?

நாளடைவில் கூடைப்பந்து, ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களின் தொழிலாகவும் வளர்ந்தது. 1946இல் தொடங்கிய தொழில்முறைச் சங்கம் ஒன்று, 1949இல் மற்றொன்றுடன் இணைந்து தேசியக் கூடைப்பந்துச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. நுழைவுச்சீட்டு வாங்கி வருவோரை நம்பியே அணிகள் வாழ்ந்தன. ஆனால் சீட்டு வாங்கி வந்தவர்கள் கண்ட காட்சி யாது?

1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை எதிர்த்து ஆடியது. லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்னும் நெடிய வீரர் இருந்தார். அவரை நேர்நின்று வெல்லுதல் அரிது எனக் கண்ட பிஸ்டன்ஸ் அணியினர், பந்தைத் தமக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு நின்றனர். பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். ஆயினும் எந்த விதியும் மீறப்படவில்லையாதலின் நடுவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. இறுதிக் காற்பகுதியில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் நான்கு மட்டுமே. கடைசி விநாடிகளில் விழுந்த ஒரு கூடையால் பிஸ்டன்ஸ் அணி 19க்கு 18 என வென்றது. 48 நிமிட ஆட்டத்தில், தவறுகளுக்காக வழங்கப்படும் எறிதல்களை நீக்கிப் பார்த்தால், இரு அணிகளும் போட்ட கூடைகள் எட்டே எட்டு!

இந்நோய் பரவிய வழியையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். முன்னணியில் இருக்கும் அணி, பந்தைத் திறமையாகத் தட்டிச் செல்லும் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடும். அவர் நேரத்தைக் கடத்துவார். பின்தங்கிய அணிக்குப் பந்தைப் பெற வேறு வழியில்லாததால், வேண்டுமென்றே அவரை இடித்துத் தவறிழைக்கும். அதற்குத் தண்டனையாக அவருக்குத் தடையின்றி எறியும் வாய்ப்பு கிடைக்கும். பின்னர்ப் பந்து மறுபக்கம் சென்றதும் அவர்களும் அவ்வாறே செய்வர். 1953ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கும் சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டம் நான்கு முறை கூடுதல் நேரத்திற்கு நீண்டது. அதில் பாஸ்டன் வீரர் பாப் கூசி எடுத்த 50 புள்ளிகளுள் 30 புள்ளிகள் இத்தகைய தண்டனை எறிதல்களால் வந்தவை. ஓட்டமும் பாய்ச்சலும் நிறைந்த விளையாட்டு, வரிசையில் நின்று எறியும் சடங்காக மாறிப்போயிற்று.

1949-50ஆம் பருவத்தில் 17 அணிகள் இருந்தன. பணமுடை முதலிய பல காரணங்களால் அவை ஒவ்வொன்றாக மறைந்து, 1954இல் ஒன்பது அணிகளே எஞ்சின. அடுத்து எது மறையுமோ என்னும் நிலையில்தான், சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் வழி ஒன்றைக் கூறினார். அவர் இத்தாலியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். தம் நகரில் பந்துருட்டு விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்தி வந்தார். அவரும், அவருடைய அணியின் பொது மேலாளர் லியோ ஃபெர்ரிஸும் செய்தது இதுதான்.

தவறுகளால் கெட்டுப்போன ஆட்டங்களை அவர்கள் ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. கண்டு மகிழ்ந்த நல்ல ஆட்டங்களின் குறிப்புகளை எடுத்து எண்ணினர். அவற்றில் ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ 60 முறை கூடையை நோக்கி எறிந்திருந்தது. இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அஃதாவது 2,880 விநாடி. 2,880ஐ 120ஆல் வகுத்தால் ஈவு 24. எனவே, பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் ஓர் அணி கூடையை நோக்கி எறிதல் வேண்டும்; தவறினால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். இதுவே அவர்கள் கண்ட விதி.

1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சிராக்யூஸ் நகரத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில், மற்ற அணிகளின் உரிமையாளர்கள் முன்னிலையில் இவ்விதியை வைத்து ஆடிப் பார்த்தனர். முதலில் ஆட்டக்காரர்கள் பதறிப்போய், பந்து கைக்கு வந்ததுமே எறிந்தனர். சற்று நேரத்தில், 24 விநாடி தாராளமான நேரம் என்று உணர்ந்து நிதானமடைந்தனர். விதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேண்டுமென்றே இடிக்கும் வழக்கத்தைக் குறைப்பதற்காக, ஒரு காற்பகுதியில் ஓர் அணி ஆறு தவறுகளுக்கு மேல் செய்தால் எதிரணிக்குக் கூடுதல் எறிதல் வழங்குவது என்றும் முடிவாயிற்று.

அப்பருவத்தில் நிகழ்ந்த மாற்றத்தை எண்களே கூறும். முந்திய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளி 79.5. புதிய பருவத்தில் அது 93.1 ஆயிற்று. பாஸ்டன் அணி, ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 100 புள்ளிகளைத் தாண்டிய முதல் அணி என்னும் பெயரைப் பெற்றது. பால்டிமோர் அணி மட்டும் கடன் சுமையிலிருந்து மீள முடியாமல் பருவத்தின் நடுவிலேயே கலைந்தது. எஞ்சிய எட்டு அணிகள் தலா 72 ஆட்டங்களை ஆடி முடித்தன.

இறுதிப் போட்டியில் மோதியவை சிராக்யூஸும் ஃபோர்ட் வெய்னும். ஆம், 19க்கு 18 என வென்ற அதே பிஸ்டன்ஸ் அணிதான். ஆளுக்கு மூன்று ஆட்டங்களில் வென்றிருக்க, ஏழாம் ஆட்டம் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சிராக்யூஸில் நடைபெற்றது. ஒரு கட்டத்தில் பிஸ்டன்ஸ் 17 புள்ளிகள் முன்னே நின்றது. பழைய விதியாயின் பந்தை வைத்துக்கொண்டே பொழுதைக் கழித்திருக்கலாம். இப்போதோ கடிகாரம் விடவில்லை. 24 விநாடிக்கொரு முறை எறிந்தே தீரவேண்டும். சிராக்யூஸ் அணி புள்ளி புள்ளியாக நெருங்கி வந்தது. 12 விநாடி இருக்கையில் ஜார்ஜ் கிங் ஒரு தண்டனை எறிதலைக் கூடைக்குள் இட்டார். உடனே எதிரணியின் பந்தையும் அவரே பறித்தார். 92க்கு 91 என்று சிராக்யூஸ் வாகை சூடியது. அவ்வணியில் ஆடிய ஏர்ல் லாய்டு, ஜிம் டக்கர் ஆகிய இருவரும், அச்சங்கத்தில் வாகை சூடிய முதல் கறுப்பின வீரர்கள் ஆவர்.

தம் அணிக்கு நன்மை தேடியே பயசோன் விதி செய்தாரோ என ஐயுற வேண்டியதில்லை. விதி அணிகள் அனைத்திற்கும் பொது. யார் முந்துவார், யார் பிந்துவார் என்பதை ஆகஸ்டுத் திங்களில் எவரும் அறியார். பின்தங்கியவனுக்கும் பந்து கைக்கு வரும் என்னும் உறுதியை அஃது அளித்தது. நல்ல விதி என்பது அதுதான்.

பயசோன் 1992இல் மறைந்தார். 2000ஆம் ஆண்டில், ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. அனைத்துலகப் போட்டிகளில் முன்பு 30 விநாடியாக இருந்த வரம்பும் அதே ஆண்டில்தான் 24 ஆகக் குறைக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! அவ்வுரிமையாளர்கள் கூடிப் பேசிக் குறை கூறியதோடு நின்றிருந்தால், ஆட்டம் மாறியிராது. ஒருவர் தாளை எடுத்தார், எண்ணினார், வகுத்தார். சினத்தால் தீராத சிக்கல் கணக்கால் தீர்ந்தது. பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை விளக்கடியில் அமர்ந்து வகுத்தல் கணக்குப் போடும்போது, அதைச் சிறு வேலையென எண்ணி வேறு பணிக்கு அழைத்துவிடாதீர்கள்.

நாளை திடலில் பந்தைக் கையில் எடுக்கும் மாணவன், ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை நிதானமாக எண்ணிப் பார்க்கட்டும். ஒரு நல்ல செயலைச் செய்து முடிக்க அந்நேரம் போதும் என்பதை அவனே அறிவான்.