உப்பு மூட்டைக்குள் ஒரு போட்டி

ஐப்பசி மழையில் ஆழ்வார்பேட்டையின் எந்தச் சமையலறையிலும் உப்பு நசநசத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடே நீரை இழுத்துக்கொள்ளும். சரியாகச் சுத்திகரிக்காத உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகுமுன்பே கசியத் தொடங்கும். சமையல்காரருக்கு இது சிறு தொந்தரவு. குழந்தைகளின் ரத்தசோகையைக் குறைக்க உப்பில் இரும்பைக் கலக்க நினைப்பவர்களுக்கோ, எல்லாமே இந்த ஈரத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் அது 50.7. கவலைப்பட வேண்டிய ஏற்றம் இது. என்ன சத்தைச் சேர்ப்பது என்று நிறையப் பேசிவிட்டோம். சேர்த்த சத்து தட்டுக்கு வரும்வரை தாங்குகிறதா என்பதற்கும் அதே அக்கறை வேண்டும்.

உப்பில் அயோடின் பொட்டாசியம் அயோடேட்டாகவே சேர்க்கப்படுகிறது. பக்கத்தில் இரும்புச் சேர்மம் இருந்து ஈரமும் பட்டால் இரண்டும் வினைபுரியும். அயோடின் ஆவியாகப் பறந்துவிடும், இரும்பு துருநிறமாகி உடலில் எளிதில் சேராத வடிவத்துக்கு மாறும். ஒரே வினையில் இரண்டு சத்தும் நஷ்டம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்ற சேர்மத்தால் இரும்பைப் பிடித்துவைத்து இதைச் சமாளித்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் லெவென்டே டியோசாடியின் குழு வேறு வழியில் போனது: இரும்பு ஃப்யூமரேட்டை உப்புப் பரல் அளவுக்கு உருட்டி, அதன்மேல் கொழுப்புப் பூச்சு கொடுத்தது. அந்தப் பூச்சு கிடங்கின் புழுக்கத்தில் கரையக் கூடாது, குழந்தையின் வயிற்றில் இரும்பை விட்டுவிடவும் வேண்டும். மருந்தைவிட இங்கே பொருளறிவியலுக்குத்தான் வேலை அதிகம். ஒரு கிலோ உப்பில் 850 முதல் 1,100 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஐந்து கிராம் உப்பு சாப்பிடும் குழந்தைக்கு ஏறக்குறைய ஐந்து மில்லிகிராம் கிடைக்கும்.

கீரையும் கேழ்வரகும் போதாதா என்று கேட்பார்கள். அவை அவசியம்தான், ஆனால் தானியத்திலுள்ள ஃபைட்டேட் இரும்பு சேர்வதைத் தடுக்கிறது, இறைச்சியும் பழமும் ஏழைக் குழந்தையின் தட்டில் அரிது. உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறுமே என்ற அச்சமும் நியாயமானது. அதனால்தான் உண்ணும் அளவைக் கூட்டாமல், உண்கிற உப்பையே மாற்றச் சொல்கிறோம். பீகாரிலிருந்து வருவதுதான் கனமான மறுப்பு. போஜ்பூர் மாவட்டத்தின் 400 கிராமங்களை ஆய்வுக்கு எடுத்து, அவற்றில் பாதியில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழு இந்த உப்பைச் சலுகை விலையில் விற்கச் செய்தது. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் குறைவு, ரத்தசோகை அசையவில்லை. அதே மாநிலத்தில் பள்ளி மதிய உணவில் இதைச் சேர்த்த இன்னொரு ஆய்வில் ஹீமோகுளோபின் ஏறியது, ரத்தசோகை சுமார் 20 விழுக்காடு குறைந்தது. தேர்வு மதிப்பெண் கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உப்பு பலன் தரும், ஆனால் அன்றாடம் வாயில் போனால்தான் தரும் என்றே இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன்.

அந்த அன்றாடம் நம்மிடம் 1982 முதல் இருக்கிறது, சத்துணவாக. இராமநாதபுரம் கடற்கரையில் உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பைத் தயாரித்துச் சத்துணவுக்கும் தருகிறது. ஆலை வாசலில் தரம் பார்ப்பதோடு நிறுத்தாமல், மழைக்காலம் முடிந்ததும் சத்துணவுக் கூடங்களில் பிரித்துவைத்த மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, இரும்பும் அயோடினும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அளக்க வேண்டும். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அதற்கான உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் உண்டு.