கைத்தறியா, விசைத்தறியா? போன் திரையில் எப்படித் தெரியும்? காஞ்சிபுரம் பட்டை ஆன்லைனில் விற்பவர்கள் கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்!

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர், தரிசனம் முடிந்ததும் தேடுவது பட்டுப்புடவைக் கடையைத்தான். முன்பெல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இப்போது போனை எடுத்து ‘பட்டுப்புடவை’ என்று தட்டினால் போதும், வரிசையாகப் படங்கள் வந்து நிற்கும்.

சிக்கலே இங்கேதான். கைத்தறியில் பல நாள் உட்கார்ந்து நெய்த புடவையும், விசைத்தறியில் சீக்கிரமே ஓட்டி எடுத்த புடவையும் அந்தச் சின்னத் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். விலை மட்டும்தான் வேறு. அப்போ வாங்குபவரின் விரல் எதைத் தொடும்?

வித்தியாசத்தை விற்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனங்கள் செய்து தரும் அடிப்படை வேலைகளில் பலவற்றை, செலவே இல்லாமல் நாமே செய்துகொள்ளலாம். எப்படி? பார்க்கலாம்.

1. கூகுள் மேப்பில் கடை இருக்கிறதா?

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையைப் பதிவு செய்ய கட்டணம் கிடையாது. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கூகுள் அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்துகிறது. பெயர்ப்பலகையில் உள்ள பெயரை அப்படியே கொடுங்கள். ‘குறைந்த விலை ஒரிஜினல் பட்டு’ என்றெல்லாம் பெயரோடு ஒட்டவைத்தால் பதிவே முடக்கப்படலாம்.

2. மக்கள் எந்தப் பெயரில் தேடுகிறார்கள்?

நமக்கு இது காஞ்சிபுரம். வட இந்தியாவில் பலருக்கு ‘காஞ்சிவரம்’. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்த ஊர்ப் பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. புடவை விவரத்தில் இரண்டு பெயர்களையும் இயல்பாகச் சேர்த்து எழுதுங்கள். ஒரே சொல்லை இருபது முறை அடுக்கினால் பயன் இல்லை. கூகுள் அதை ஸ்பேமாகவே பார்க்கும்.

3. எந்த முத்திரை எதற்கு?

பலரும் குழம்பும் இடம் இது. மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த ‘சில்க் மார்க்’, அது சுத்தப் பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்தது என்று சொல்வது 2006-ல் வந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’. காஞ்சிபுரம் பட்டு 2005-ல் பெற்ற புவிசார் குறியீடு, இந்த ஊர்ப் பெயரை வேறு யாரும் போட்டு விற்காமல் இருக்கத் தரப்பட்ட சட்டப் பாதுகாப்பு. உங்கள் புடவைக்கு எது இருக்கிறதோ, அதைத் தெளிவாகப் படம் எடுத்துப் போடுங்கள். ஜரிகை அசலா, கலப்பா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

4. புடவையின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என 3 நாடா போட்டு, இரண்டையும் தறியிலேயே இணைத்து நெய்வது கோர்வை. மரபுப்படி நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் இருப்பார். இந்த உழைப்பை மாடல் அழகியின் போட்டோ காட்டாது. கரை சேரும் இடத்தின் குளோசப், பின்பக்கம், தறி ஓடும் 30 விநாடி வீடியோ... இவைதான் காட்டும்.

5. பக்கம் சீக்கிரம் திறக்கிறதா?

ஒரு பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். பொறுமை இழப்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். படங்களின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். வெப்சைட் இல்லையா? கவலை வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் 500 பொருட்கள் வரை இலவசமாகப் பட்டியலிடலாம்.

6. சாவி யார் கையில்?

ஏஜென்சியிடம் வேலையைக் கொடுத்தாலும் வெப்சைட் முகவரி, கூகுள் கணக்கு, இன்ஸ்டாகிராம் மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். இல்லையென்றால் ஏஜென்சியை மாற்றும் நாளில், பல வருடம் சேர்த்த ரிவ்யூக்களும் வாடிக்கையாளர் தொடர்பும் கையை விட்டுப் போகும். போலி ரிவ்யூ பக்கமும் போக வேண்டாம். வாடிக்கையாளர் போல நடித்து விற்பனையாளரே கருத்துப் பதிவிடுவதை 2020-ன் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன.

வாங்குபவர்களுக்கும் இதே வழிதான். விலை கேட்பதற்கு முன், ‘ஹேண்ட்லூம் மார்க் இருக்கா? பின்பக்கம் ஒரு வீடியோ அனுப்ப முடியுமா?’ என்று கேளுங்கள். கைத்தறிப் புடவை வைத்திருப்பவருக்கு அதை அனுப்ப ஒரு நிமிடம் போதும்.